ஒரே வாரத்து இரு செய்திகள்: எதிர்வீரசிங்கத்தின் தங்கமும் மட்டக்களப்புப் புகையிரதமும்

இலங்கையின் விளையாட்டு வரலாற்றை எழுதுபவர்கள் 1958ஆம் ஆண்டை மகிழ்ச்சியோடு குறிப்பிடுவார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்நாட்டுக்கு முதன்முதலாகத் தங்கப்பதக்கம் கிடைத்தது அந்த ஆண்டில்தான். அரசியல் வரலாற்றை எழுதுபவர்கள் அதே ஆண்டைத் துயரத்தோடு குறிப்பிடுவார்கள். சுதந்திரத்தின் பின்னர் நாடு முழுவதும் பரவிய முதலாவது இனக்கலவரம் நிகழ்ந்ததும் அந்த ஆண்டில்தான். முன்னையவர்களின் பக்கங்களில் கலவரம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பின்னையவர்களின் பக்கங்களில் பதக்கம் இடம்பெறுவதில்லை. இரண்டும் ஒரே ஆண்டில் மட்டுமல்ல, ஏறத்தாழ ஒரே வாரத்தில் நிகழ்ந்தவை என்பதை இன்றைய தலைமுறையினரில் எத்தனை பேர் அறிவார்கள் என்ற கேள்வி எனக்கு நெடுநாளாகவே உண்டு.

பதக்கத்தை வென்றவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். கலவரத்தின் முதற்பொறிகளில் ஒன்று விழுந்த இடம் எங்கள் மட்டக்களப்பு வாவியின் வடக்கு அந்தத்தில் உள்ள ஏறாவூர்ப் பகுதியின் புகையிரதப் பாதை. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியவிளானிலிருந்து ஹெல்சிங்கிக்கு

எதிர்வீரசிங்கம் 1934 ஆகஸ்ட் 24ஆம் திகதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரியவிளான் கிராமத்தில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கல்வி கற்றவர். அவர் தேர்ந்துகொண்ட துறை உயரம் பாய்தல்.

இந்தப் போட்டியின் இயல்பைச் சற்று விளக்குதல் நன்று. இரு கம்பங்களுக்கிடையே ஒரு குறுக்குத்தடி. ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று முயற்சிகள். தொடர்ச்சியாக மூன்று முறை தவறினால் போட்டியிலிருந்து விலகவேண்டும். தங்கப்பதக்கம் பெறுபவரும் பெரும்பாலும் இறுதியில் தடியைத் தட்டிவிட்டே மைதானத்தை விட்டு வெளியேறுவார். ஏனெனில், வெற்றி உறுதியான பின்னரும் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பார்ப்போமே என்ற ஆசையில் தடி உயர்த்தப்படும். வென்றவரும் தோல்வியோடு முடிக்கின்ற விசித்திரமான விளையாட்டு அது.

இன்று வீரர்கள் தடிக்கு முதுகைக் காட்டிப் பாய்ந்து தடித்த மெத்தையில் மல்லாந்து விழுகிறார்கள். அந்த முறையை அமெரிக்கரான டிக் பொஸ்பரி உலகுக்குக் காட்டியது 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் போட்டியில். எதிர்வீரசிங்கம் பாடசாலை மாணவனாக இருந்த நாள்களில் நம் நாட்டுக் கல்லூரி மைதானங்களில் மெத்தை ஏது? மணற்குழிதான். எத்தனை அடி பாய்ந்தாலும் அத்தனை அடியிலிருந்து மண்ணில் விழவேண்டும். தலை கீழாகவோ முதுகு கீழாகவோ விழ முடியாது. பாயும் முறையையே விழும் இடம் தீர்மானித்த காலம் அது.

அத்தகைய மைதானத்திலிருந்து புறப்பட்ட மாணவர் 1952ஆம் ஆண்டு பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் இலங்கையின் சார்பில் பங்குபற்றினார். அப்போது அவருக்கு வயது 17. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1948இல் லண்டனில், டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப்பதக்கம் வென்று ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் இலங்கையின் பெயரை முதன்முதலாக ஏற்றியிருந்தார். புதிதாகச் சுதந்திரம் பெற்ற சிறுதீவு, தன் இளைஞர்களிடம் பெரிய எதிர்பார்ப்புகளை வைத்திருந்த காலம்.

ஹெல்சிங்கியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் வோல்ட் டேவிஸ். அவர் பாய்ந்தது 2.04 மீற்றர். இளம்பிள்ளை வாதத்தினால் சிறுவயதில் நடக்கவே இயலாதிருந்தவர் அவர். யாழ்ப்பாணத்து மாணவருக்கு அங்கு பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் உலகின் உயரம் எவ்வளவு என்பதை 17 வயதிலேயே நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. 2.04 என்ற அந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1956: சட்டமும் கல்லோயாவும்

அடுத்த ஒலிம்பிக் போட்டி 1956 நவம்பரில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் ஆரம்பமானது. எதிர்வீரசிங்கம் மீண்டும் இலங்கையின் சார்பில் பங்குபற்றினார். இரு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அவர் பிரதிநிதித்துவம் செய்த நாடு மாறிவிட்டிருந்தது.

1956 ஏப்ரல் தேர்தலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமரானார். ஜூன் மாதம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். வன்முறை கிழக்கே கல்லோயாக் குடியேற்றத்திட்டத்துக்குப் பரவியபோது தமிழர் பலர் அங்கு கொல்லப்பட்டனர். அம்பாறை அப்போது தனி மாவட்டமாக இருக்கவில்லை. அது பிரிக்கப்பட்டது 1961இல்தான். ஆகவே கல்லோயாவில் சிந்திய இரத்தம் அந்நாளைய மட்டக்களப்பு மாவட்டத்தின் மண்ணிலேயே சிந்தியது. அகதிகளாக ஓடிவந்தவர்களை வாவிக்கரை ஊர்களே ஏற்றுக்கொண்டன.

அவ்வாண்டு ஜூனில் கல்லோயா, நவம்பரில் மெல்பேர்ண். தன் தாய்மொழிக்கு அரச கருமத்தில் இடமில்லை என்று சட்டம் இயற்றிய நாட்டின் சின்னத்தை மார்பில் அணிந்துகொண்டு ஓர் இளைஞர் உலக அரங்கில் நின்றார். இதை நான் பழியாகச் சொல்லவில்லை. அன்றைய தமிழ் இளைஞர்களில் பலர் அரச சேவையிலும் பல்கலைக்கழகத்திலும் படைகளிலும் இதே நிலையில்தான் இருந்தார்கள். நாட்டின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்ற நம்பிக்கை அப்போது முற்றாக உடைந்திருக்கவில்லை.

எதிர்வீரசிங்கம் பின்னர் அமெரிக்கா சென்று லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மெய்வல்லுநர் துறையில் அக்காலத்தில் உலகின் முன்னணிக் கல்வி நிலையங்களில் அதுவும் ஒன்று. 1960இல் ரோம் நகரில் பத்து அம்சப் போட்டியில் தங்கம் வென்ற ரேஃபர் ஜோன்சன் அங்கு பயின்றவர்தான். தரமான மைதானமும் விஞ்ஞான ரீதியான பயிற்சியும் நம் வீரருக்கு வாய்த்தன.

மே 22: பொலன்னறுவை

இனி, 1958க்கு வருவோம்.

பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் 1957 ஜூலை 26இல் ஓர் உடன்படிக்கை செய்திருந்தனர். பிரதேச சபைகள், குடியேற்றம் பற்றிய அதிகாரங்கள், தமிழ்மொழிக்கான இடம் ஆகியவை அதில் பேசப்பட்டிருந்தன. எதிர்ப்புகள் பெருகின. மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறிக்கப்பட்டதைத் தொடர்ந்து, வடக்குக் கிழக்கில் அதனைத் தார் பூசி அழிக்கும் போராட்டமும், தெற்கில் தமிழ் எழுத்துகளை அழிக்கும் எதிர்ப்போராட்டமும் நடந்தன. 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிரதமர் தமது இல்லத்தின் முன்னால் அமர்ந்திருந்த பிக்குகளுக்குப் பணிந்து உடன்படிக்கையைக் கைவிட்டார்.

இதற்குப் பதிலாக என்ன செய்வது என்று தீர்மானிக்கத் தமிழரசுக் கட்சி மே மாத இறுதியில் வவுனியாவில் மகாநாடு கூட்டியது. இங்கேதான் புகையிரதப் பாதையின் அமைப்பு வரலாற்றில் குறுக்கிடுகிறது. மட்டக்களப்பிலிருந்து வவுனியாவுக்கு நேரே புகையிரதப் பாதை கிடையாது. 1928இல் மட்டக்களப்பை வந்தடைந்த பாதை ஏறாவூர், வாழைச்சேனை, பொலன்னறுவை வழியாக மாகோவுக்குச் சென்று வடபகுதிப் பாதையுடன் இணைகிறது. வாவிக்கரையிலிருந்து வவுனியா மகாநாட்டுக்குப் புகையிரதத்தில் போகிறவர் எவரும் பொலன்னறுவையைத் தாண்டியே ஆகவேண்டும். புதிய குடியேற்றங்கள் நிறைந்த அந்தப் பிரதேசத்தில், கிழக்கிலிருந்து தமிழர்கள் திரண்டு வருகிறார்கள் என்ற வதந்தி பரப்பப்பட்டிருந்தது.

மே 22ஆம் திகதி பொலன்னறுவை நிலையத்தில் பிரயாணிகள் தாக்கப்பட்டனர். மறுநாள் இரவு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட புகையிரதம் ஏறாவூர்ப் பகுதியில் தடம் புரளச் செய்யப்பட்டது. உயிர்கள் பலியாகின. அடுத்து வந்த நாள்களில் பொலன்னறுவை, ஹிங்குராக்கொடைப் பகுதி அரசாங்கப் பண்ணைகளில் தமிழ்த் தொழிலாளர்கள் வேட்டையாடப்பட்டனர். கரும்புத் தோட்டங்களுக்குள் ஒளிந்தவர்களை வெளியேற்றக் கரும்புக்கே தீ வைக்கப்பட்டது.

வாவியின் கிழக்குக் கரையிலுள்ள களுவாஞ்சிக்குடியில் மே 25ஆம் திகதி நுவரெலியாவின் முன்னாள் மேயர் டி. ஏ. செனிவிரத்ன சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் இருந்த சிங்களவர்களும் தாக்குதல்களுக்கு உள்ளாகினர். அடுத்த நாள் வானொலியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றிய பிரதமர், நிலைமை மோசமானதற்கு இந்தக் கொலையைக் காரணமாகக் குறிப்பிட்டார். திகதிகளை வரிசைப்படுத்திப் பார்ப்பவர்களுக்கு இதில் உள்ள பிழை உடனே புலப்படும். பொலன்னறுவையில் முதல் அடி விழுந்து மூன்று நாள்களுக்குப் பின்னரே களுவாஞ்சிக்குடியில் துப்பாக்கி வெடித்தது. ஆயினும் நாட்டின் தலைவரே வானொலியில் சொன்ன ஒரு காரணம், தெற்கில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த நெருப்புக்கு நெய்யாயிற்று.

மே 27ஆம் திகதி மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். அதற்குள் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டிருந்தன. பாணந்துறையில் கோயிற் பூசகர் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். கொழும்பு அகதிமுகாம்களில் தங்கியிருந்த ஆயிரக்கணக்கானோர் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். சொந்த நாட்டின் தலைநகரிலிருந்து சொந்த நாட்டின் இன்னொரு துறைமுகத்துக்கு அகதிகளாகக் கப்பலேறிய முதல் அனுபவம் அது. பின்னர் 1983இலும் அது திரும்பவும் நிகழ்ந்தது.

மே 24: டோக்கியோ

மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி ஜப்பானின் தலைநகர் டோக்கியோவில் ஆரம்பமானது 1958 மே 24ஆம் திகதி. ஏறாவூரில் புகையிரதம் கவிழ்ந்த இரவுக்கு அடுத்த நாள். நிறைவு பெற்றது ஜூன் 1ஆம் திகதி. சக்கரவர்த்தி ஹிரோஹிற்றோ ஆரம்பித்து வைத்தார். 20 நாடுகள் பங்குபற்றின. யுத்தத்தில் எரிந்து சாம்பலான டோக்கியோ, ஒலிம்பிக் போட்டியை நடத்தும் தகுதி தனக்கு உண்டு என்று உலகுக்குக் காட்டுவதற்காகவே புதிய தேசிய மைதானத்தைக் கட்டியிருந்தது. அந்த முயற்சி வீண்போகவில்லை. 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி அந்நகருக்கே கிடைத்தது.

அந்த மைதானத்தில் உயரம் பாய்தலில் எதிர்வீரசிங்கம் 6 அடி 8 அங்குலம், அதாவது 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப்பதக்கம் வென்றார். ஆசியப் போட்டிகளின் புதிய சாதனையும் அதுவே. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற உயரம் 2.04 மீற்றர் என்று மேலே குறிப்பிட்டேன். 17 வயதில் தான் அண்ணாந்து பார்த்த உயரத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அருகில் 23 வயதில் அவர் வந்துவிட்டார். இதற்குள் உலகம் இன்னும் மேலே போய்விட்டது உண்மை. 1956இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் டூமாஸ் 7 அடியைத் தாண்டிய முதல் மனிதராகியிருந்தார். ஆனால் ஆசியாவில் எதிர்வீரசிங்கத்துக்கு மேலே அன்று ஒருவரும் இல்லை.

அதே மைதானத்தில் அதே நாள்களில் இன்னொருவரும் தங்கம் வென்றார். இந்தியாவின் மில்கா சிங். 200 மீற்றர், 400 மீற்றர் ஆகிய இரண்டிலும் அவரே முதலிடம். 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்துத் தப்பியோடி வந்த சிறுவன் அவர். 200 மீற்றரில் அவர் பின்தள்ளியது பாகிஸ்தானின் புகழ்பெற்ற ஓட்டவீரர் அப்துல் காலிக்கை. இந்தியத் துணைக்கண்டமும் அதன் அருகில் உள்ள தீவும் தமக்குள்ளே பட்ட காயங்களைச் சுமந்த இருவர் அந்த டோக்கியோ மேடையில் ஏறி நின்றார்கள். மில்கா சிங்கின் காயம் 11 ஆண்டுகள் பழையது. எதிர்வீரசிங்கத்தின் காயம் அந்த வாரத்தில்தான் பட்டுக்கொண்டிருந்தது.

வெற்றி மேடையின் மரபுப்படி அங்கு உயர்ந்த கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட இலங்கைத் தேசியக் கொடியில் வாளேந்திய சிங்கத்தின் பக்கத்தில் இரண்டு நிலைக்குத்துப் பட்டிகள் உள்ளன. பச்சைப் பட்டி முஸ்லிம்களையும் செம்மஞ்சள் பட்டி தமிழர்களையும் குறிப்பன. அந்தப் பட்டிகள் சிங்கத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்பதை விரும்பாது கொடிக் குழுவில் செனட்டர் எஸ். நடேசன் தமது உடன்பாடின்மையைப் பதிவு செய்தார். அந்தப் பட்டியைக் கொடியில் கொண்ட நாடு, அந்தப் பட்டிக்குரியவர்களைத் தெருக்களில் எரித்துக்கொண்டிருந்த நாள்களில், அந்தப் பட்டிக்குரிய ஒருவரே கொடியை ஆசியாவின் உச்சிக்கு ஏற்றினார். மேடையில் நின்றபோது அவர் மனத்தில் என்ன ஓடியது என்று கற்பனை செய்து எழுதுவது பத்திரிகைக்காரனின் வேலையன்று. திகதிகளே போதிய அளவு பேசுகின்றன.

முன்பக்கமும் பின்பக்கமும்

பல ஆண்டுகள் பத்திரிகைப் பக்கங்களோடு பழகியவன் என்ற முறையில் எனக்கு எழும் சிந்தனை ஒன்றையும் சொல்லவேண்டும். அவசரகால நிலையோடு பத்திரிகைத் தணிக்கையும் வந்தது. நாட்டில் நடந்ததை நாட்டு மக்கள் தங்கள் பத்திரிகையில் முழுமையாக வாசிக்க முடியவில்லை. கொழும்பு ‘ஒப்சேர்வர்’ ஆசிரியர் டார்சி விட்டாச்சி அக்கலவரத்தைப் பற்றி எழுதிய ‘எமர்ஜென்சி ’58’ என்ற நூல் லண்டனில்தான் அச்சேறியது.

தணிக்கை அதிகாரிக்கு விளையாட்டுப் பக்கத்தில் வேலை குறைவு. பாய்ந்த உயரத்தை அளவுகோல் சொல்லும். அதில் ஒரு சென்ரிமீற்றரைக்கூட எவராலும் வெட்டிவிட முடியாது. முன்பக்கத்தில் வெட்டுண்ட செய்திகள், பின்பக்கத்தில் வெட்டுப்படாத ஒரு தமிழ்ப் பெயர். அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் பற்றி நினைக்கும் போதெல்லாம் எனக்கு இந்தச் சித்திரமே மனத்தில் எழுகிறது.

ஆனால் இதிலிருந்து ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக்கூடாது. ‘பாருங்கள், விளையாட்டு இன பேதத்தைக் கடந்தது’ என்று மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. டோக்கியோவில் கிடைத்த தங்கம் ஹிங்குராக்கொடையில் ஒரு தொழிலாளியைக்கூடக் காப்பாற்றவில்லை. பாணந்துறையில் ஒரு தீக்குச்சியையும் அது அணைக்கவில்லை. ஒரு சமூகத்தின் பாதுகாப்பு அச்சமூகத்து வீரனின் திறமையில் தங்கியிருக்குமானால் அது பாதுகாப்பே அல்ல. வென்றவனைத் தோளில் தூக்குவதும், அவன் அயலவனைத் தெருவில் அடிப்பதும் ஒரே கூட்டத்தினால் ஒரே வாரத்தில் செய்யக்கூடிய காரியங்கள்தாம். 1958 நமக்குக் கற்பிக்கும் கசப்பான பாடம் இது.

மைதானத்துக்குப் பின்னர்

எதிர்வீரசிங்கம் அதன் பின்னரும் இலங்கைக்காகப் பாய்ந்தார். 1962இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் வெள்ளிப்பதக்கம் வென்றார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்க நாடுகளில் கற்பித்தார், மெய்வல்லுநர்களைப் பயிற்றுவித்தார். யுனெஸ்கோ நிறுவனத்துக்காகவும் பணியாற்றினார். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலத்தில் வடக்குக் கிழக்குக்கு வந்து, யுத்தத்தில் சிதைந்த கல்வியையும் விளையாட்டையும் மீளக் கட்டியெழுப்பும் முயற்சிகளில் ஈடுபட்டார். 2024 ஏப்ரலில் தமது 89ஆவது வயதில் அமெரிக்காவில் காலமானார்.

அவருடைய வாழ்க்கையை முழுதாகப் பார்க்கும்போது, தங்கப்பதக்கம் வென்ற நாளைவிட அதன் பின்னரான ஆண்டுகளே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஒரு பதக்கத்தைக் காட்டி ஆயுள் முழுவதும் மாலை வாங்கியவர்கள் உண்டு. இவர் அதைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனார்.

வாவிக்கரையில் தொடர்ந்த கதை

விளையாட்டின் வரலாறும் அரசியலின் வரலாறும் ஒன்றையொன்று மறிக்கும் இடமாக ஏறாவூர்ப் பாதை இன்னொரு முறையும் ஆயிற்று.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923இல் பிறந்த இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1948இல் இலங்கை வந்தவர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் கற்பித்து, கிழக்கின் பெயரை நாடு முழுவதும் ஒலிக்கச் செய்தவர். நகரிலுள்ள வெபர் மைதானம் தாங்கி நிற்பதும் அதே சபையைச் சேர்ந்த இன்னோர் அமெரிக்க அடிகளாரின் பெயரையே. இந்த மாவட்டத்தில் விளையாட்டு வளர்ந்ததில் இவர்களுக்குள்ள பங்கை மூத்தவர்கள் நன்கறிவர்.

1990 ஆகஸ்டில் இந்தக் கரை மீண்டும் எரிந்தது. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் முஸ்லிம்கள் குழந்தைகள் உட்படக் கொல்லப்பட்டனர். தமிழர்களும் நாளாந்தம் கொல்லப்பட்டும் காணாமலாக்கப்பட்டும் வந்தனர். சமாதானக் குழுவில் அங்கம் வகித்த ஹேபர்ட் அடிகளார் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து தமது ஸ்கூட்டரில், ஓர் இளைஞருடன் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். இருவரும் வந்துசேரவில்லை. அவர்கள் வரவேண்டியிருந்த வீதியும் ஏறாவூரைக் கடந்தே வருகிறது. 42 ஆண்டுகள் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தவருக்கு இந்த மண்ணில் ஒரு கல்லறைகூட இல்லை.

அதற்கு மூன்று வாரங்களின் பின்னர், செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரைப் படையினர் அழைத்துச் சென்றனர். அவர்களும் திரும்பவில்லை.

அதே வந்தாறுமூலை வளாகத்தில் பின்னொரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பயின்ற மாணவி தர்ஜினி சிவலிங்கம். மிக உயரமான அந்தப் பெண் இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் தூணாக விளங்கினார். 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அவர் அணியில் இருந்தார். 2019 உலகக் கிண்ணப் போட்டியில் மிக அதிகமான கோல்களை அடித்தவரும் அவரே. எதிர்வீரசிங்கத்துக்குப் பின்னர் ஒரு தமிழ்ப் பெயர் மீண்டும் இலங்கையின் பெயராக வெளியுலகில் ஒலித்தது. 158 பேரின் உறவினர்கள் அப்போதும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். மகிழ்ச்சியான செய்தியில் துயரத்தை ஏன் கலக்கவேண்டும் என்று கேட்கலாம். நாங்கள் கலக்கவில்லை. அவை நடந்தபோதே கலந்துதான் நடந்தன. பின்னர் எழுதியவர்களே அவற்றைப் பிரித்து வேறு வேறு அலுமாரிகளில் வைத்தார்கள்.

எதிர்வீரசிங்கத்தின் தங்கத்தைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் ஒன்றுதான். 2.03 மீற்றர் என்று கரும்பலகையில் எழுதும்போது அதன் அருகே 1958 மே மாதம் என்றும் எழுதுங்கள். அந்த மாதத்தில் இங்கே என்ன நடந்தது என்று ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்கும். அந்தக் கேள்விக்குத் திகதிகளை மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.